மாத்திரை கடல் தாண்டி வருகிறது, நிறுத்த வேண்டிய தேதி வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை குறைக்கும் ஊசிகளின் விலை, பக்க விளைவு பற்றியெல்லாம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. அந்தப் பரபரப்பில் ஒரு பழைய மாத்திரையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெயர் ஃபென்டர்மின். நம் மருந்துக் கடைகளில் வழக்கமாக இருப்பு வைக்கிற சரக்கு அல்ல இது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் பாதாம், சாக்லேட், வைட்டமின் டப்பாக்களோடு சேர்ந்து வருவதுதான் அதிகம். ஆடிப் பண்டிகை முடிந்து ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போது, "நாற்பத்தைந்து நாளில் பத்து கிலோ குறையணும், இது சாப்பிடலாமா?" என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய ஆரஞ்சு நிறப் புட்டியைக் கடை மேசையில் வைத்து மருந்தாளுநரான என்னிடம் கேட்கிறார்கள்.

அந்தப் புட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். ஒட்டிய சீட்டில் யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு பெயர் இருக்கும். எத்தனை மாத்திரை, எந்த டாக்டர், எந்தத் தேதி என்பதெல்லாம் இருக்கும். கூடவே, 'எழுதிக் கொடுக்கப்பட்டவரைத் தவிர வேறு யாருக்கும் இதை மாற்றிக் கொடுப்பது சட்டப்படி தடை' என்ற எச்சரிக்கை வரியும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். அந்த வரியைப் படிக்கிறவர்கள் குறைவு. மாத்திரை மட்டும் கைமாறுகிறது. அதை எழுதிய டாக்டர் பார்த்த பிரஷர் கணக்கும், எடுத்த ரத்தப் பரிசோதனையும், 'இந்தத் தேதியோடு நிறுத்து' என்று சொன்ன வார்த்தையும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மருந்தைவிட இந்த விடுபடல்தான் ஆபத்து என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் மருந்தைப் பற்றி. 1959-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேதி அமைப்பில் ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைப் பொருளுக்குப் பங்காளி. மூளையில் பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியில் நார் அட்ரினலினைக் கூட்டிவிடும். ஓடவோ சண்டை போடவோ தயாராக நிற்கும் உடம்புக்குச் சோற்று நினைப்பு வராது, அவ்வளவுதான் இதன் ரகசியம். கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். குறைவாகச் சாப்பிட்டால்தான் எடை குறையும், அந்தக் குறைவாகச் சாப்பிடுவதைச் சில வாரங்களுக்கு எளிதாக்குகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சராசரியாக மூன்றரைக் கிலோ அளவுதான் கூடுதலாகக் குறைந்திருக்கிறது. நாற்பத்தைந்து நாளில் பத்து கிலோ என்ற கணக்கு இந்த மாத்திரையில் இல்லை.

யாருக்கு? இந்த மருந்தின் அமெரிக்கக் குறிப்பேட்டின்படி பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30-க்கு மேல். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற ஒன்று சேர்ந்திருந்தால் 27-க்கு மேல். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுவதால், எடை குறைப்பு மருந்துகளுக்கு இந்திய நிபுணர்கள் வைத்த எல்லை 27, கூடவே நோய் இருந்தால் 25. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 27 என்பது 69 கிலோ. கல்யாணப் புடவையில் ஒல்லியாகத் தெரிய வேண்டும் என்று கேட்டு வருகிற 62 கிலோப் பெண்ணின் பி.எம்.ஐ. 24 சொச்சம்தான். அவருக்கு இந்த மருந்து இந்த இரண்டு நாட்டு விதிப்படியும் பொருந்தாது.

கல்யாணப் பெண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடவே கூடாது, பால் கொடுக்கும்போதும் கூடாது. தாலி ஏறிய மறு மாதமே நாள் தள்ளிப் போகலாம் என்கிற வீட்டில், மிச்சமிருக்கும் மாத்திரையைத் தேனிலவுக்கு ஏற்காட்டுக்கும் எடுத்துப் போவது என்ன நியாயம்? சிலர் ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டோபிரமேட்டையும் இதோடு சேர்த்தால் இன்னும் வேகமாகக் குறையும் என்று எங்கோ கேட்டுவிட்டு வருகிறார்கள். ஃபென்டர்மினும் டோபிரமேட்டும் சேர்ந்த ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கொடுத்தது உண்மைதான். ஆனால் அதன் அளவே வேறு. முதல் 14 நாள் 3.75 மி.கி.யும் 23 மி.கி.யும் சேர்ந்த சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். டோபிரமேட் கருவிலிருக்கும் குழந்தைக்கு உதட்டுப் பிளவு உண்டாக்கக்கூடியது என்பதால், தொடங்கும் முன்பும் பிறகு மாதாமாதமும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அதிக அளவில் சாப்பிட்டுவந்து திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் குறைத்துக் குறைத்தே நிறுத்த வேண்டும். இரண்டு மாத்திரையைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கலக்கிற வேலை இது அல்ல.

மற்றபடி யாருக்கெல்லாம் கூடாது என்ற பட்டியல் நீளம். மாரடைப்பு, பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு, கட்டுப்படாத பிரஷர், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய், அடங்காத பதற்றம், போதைப் பழக்கத்தின் முன் கதை. மன அழுத்தத்துக்கான பழைய வகை எம்.ஏ.ஓ. தடுப்பு மாத்திரைகளை நிறுத்தி 14 நாள் ஆகாதவர்களுக்கும் கூடாது. இவற்றில் நம் ஊரில் அதிகம் தப்பிப் போவது தைராய்டும் கண் அழுத்தமும். "தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்பவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பு குறைவு. ஆனால் மாத்திரையின் அளவு கூடிப்போயிருந்தால் அவர்களுக்கும் துடிப்பு ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கும். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்கக்கூடாது என்பது அதனால்தான். கண் அழுத்தம் கண் டாக்டரிடம் போனால்தான் தெரியும். அதோடு ஒரு ஈ.சி.ஜி., சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மி.கி.க்கு மேல் கொடுப்பதில்லை, ஏனென்றால் மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது.

அளவில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஒரு புட்டியில் 37.5 என்றும் இன்னொன்றில் 30 என்றும் போட்டிருக்கும். 37.5 மி.கி. ஹைட்ரோகுளோரைடு உப்பில் இருப்பது 30 மி.கி. மருந்துதான். 30 என்று போட்டிருப்பது மருந்தின் எடை என்றால் இரண்டும் ஒன்றே, அதுவும் உப்பின் எடை என்றால் அதில் இருப்பது 24 மி.கி. மருந்துதான். எந்த எடை என்று சீட்டில் பார்க்காமல், 30-ம் 37.5-ம் ஒன்று என்றோ வேறு என்றோ தானாக முடிவு கட்டக்கூடாது. சிலருக்கு 37.5 மாத்திரையில் பாதியே போதும். 8 மி.கி. மாத்திரை ஒன்றும் இருக்கிறது, அதை மூன்று வேளை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுப்பார்கள். 37.5-ஐ மூன்று வேளை போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் 'மூன்று வேளை' என்பது மட்டும் காதில் விழுந்து, எந்த மாத்திரைக்கு என்பது விழாமல் போகிறது.

நேரம் முக்கியம். 37.5 மாத்திரையைக் காலை உணவுக்கு முன் அல்லது சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகிறது. காலையில் மறந்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். சாயங்காலம் நினைவு வந்து போட்டால் அன்றிரவு கொட்டக் கொட்ட விழித்திருக்க நேரும். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை, காலையில் எழ முடியவில்லை என்று டபுள் ஸ்ட்ராங் காபி, இப்படி ஒன்றை ஒன்று துரத்தும்.

காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சேர்வராயன் மலைக் காபி விளைகிற மாவட்டத்தில் அதைச் சொல்லாமல் விட முடியாது. காபியும் துடிப்பைக் கூட்டும், இந்த மாத்திரையும் கூட்டும். காலையில் மாத்திரை, அதன் மேல் கெட்டி டிகாக்‌ஷனில் இரண்டு டம்ளர் என்றால் பதினோரு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிப்பதில் ஆச்சரியமில்லை. ஜிம்மில் கொடுக்கும் 'எனர்ஜி' பொடிகளிலும் காஃபின்தான் இருக்கும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் மூக்கடைப்பு நீக்க ஃபினைல்எஃப்ரின் சேர்ந்திருப்பது சகஜம், அதுவும் இதே திசையில் தள்ளும். இந்த மருந்து சாப்பிடுகிறவர் ஜலதோஷத்துக்குக் கடைக்கு வந்தால், சொல்லிவிட்டு வாங்க வேண்டும். பல் பிடுங்கும்போதும் சொல்ல வேண்டும், மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வரும். பசி போய்விடும், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், ஆனால் காலையில் போட்ட சர்க்கரை மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும்போது அதை எடை மாத்திரையின் படபடப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டால் நிலைமை மோசமாகும். இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றே. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். 70-க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். எடை குறையத் தொடங்கும்போது சர்க்கரை மருந்தின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டியிருக்கும்.

வாய் வறட்சியும் மலச்சிக்கலும் அடிக்கடி வருபவை. சேலத்து வெயிலில் நாக்கு உலர்ந்தால் கை தானாகக் கலர் சோடாவுக்கும் சர்பத்துக்கும் போகும். குறைத்த கலோரி அந்த வழியில் திரும்பி வந்துவிடும். தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும். சாப்பாட்டில் பெரிய தவறு, பசி இல்லையே என்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு ராத்திரி தட்டுவடை செட்டோ பரோட்டாவோ தேடுவது. பட்டினியில் கரைவதில் தசையும் சேர்த்தி. காலையில் இரண்டு இட்லிக்குப் பருப்பு நிறைந்த சாம்பார், அல்லது முட்டை. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, இரண்டு கரண்டி காய், சுண்டலோ மீனோ. ஜவ்வரிசி உப்புமாவை டயட் உணவு என்று நம்புகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சேலத்தின் பெருமைதான், ஆனால் அது மரவள்ளி மாவுச்சத்து மட்டுமே, புரதம் இல்லை.

பிரஷர் பார்ப்பதைத் தொடங்கும் நாளிலும், ஓரிரு வாரத்திலும், பிறகு மாதாமாதமும் செய்ய வேண்டும். ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும், ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து பேசாமல் உட்கார வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். 140/90-ஐ எட்டினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பல்ஸ் 100-ஐத் தாண்டினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அரிதாக வரும் ஒரு விளைவு நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுவது. அரிது என்றாலும் உயிருக்கு ஆபத்தானது. முதல் அடையாளம், முன்பு எளிதாகச் செய்த வேலைக்கு இப்போது மூச்சு வாங்குவது. பிறகு நெஞ்சு வலி, மயக்கம், கால் வீக்கம். மலையில் இது எளிதாகத் தப்பிவிடும். ஏற்காட்டில் பகோடா பாயின்ட் பக்கம் நடக்கும்போது இரைத்தால், மேடு ஏறுகிறோம், மலைக் காற்று அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சுமார் 1500 மீட்டர் உயரம் ஆரோக்கியமானவரைச் சமதளத்தில் மூச்சிரைக்க வைக்காது. ஏரிக் கரையில் மெதுவாக நடக்கும்போதே மூச்சு முட்டினால் காரணம் மலை அல்ல, அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு இறங்கி வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு இரவு தூங்காத கண்ணோடு அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் தானே வண்டி ஓட்டி இறங்குவதும் வேண்டாம், உடன் வந்தவர் ஓட்டட்டும்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இது குறுகிய காலத்துக்கான மருந்து. குறிப்பேட்டில் உள்ள சொல்லே 'சில வாரங்கள்'தான், நடைமுறையில் 12 வாரம் என்பது வழக்கமான எல்லை. நாளாக நாளாக உடம்பு பழகிவிடும், பசி திரும்பி வரும். அப்போது செய்ய வேண்டியது நிறுத்துவது. ஆனால் கையில் புட்டியும் பக்கத்தில் கேட்க ஆளில்லாத நிலையும் இருந்தால், மனிதர் செய்வது இரண்டாகப் போடுவது. பசி அடங்கினாலும் அடங்காவிட்டாலும் பிரஷரும் துடிப்பும் ஏறும், பழக்கத்துக்கு அடிமையாகும் வாய்ப்பும் ஏறும். 80 கிலோ உள்ளவருக்கு 12 வாரத்தில் 4 கிலோ, அதாவது 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் இந்த மருந்து அவருக்கு உதவவில்லை என்று டாக்டர்கள் முடிவு கட்டுவார்கள். பெரிய அளவில் நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் கடுமையான சோர்வும் மனச் சோர்வும் வரும். அதையும் டாக்டர் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஃபென்டர்மின், போதைப் பொருட்களையும் மனமயக்கப் பொருட்களையும் கட்டுப்படுத்தும் 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது. இந்த வகை மருந்துகளின் அட்டையில் இடது மேல் மூலையில் சிவப்பில் 'என்.ஆர்.எக்ஸ்.' என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்க வேண்டும். சாதாரண 'ஆர்.எக்ஸ்.' குறியைவிட ஒரு எழுத்து கூடுதல், அந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சட்டமே நிற்கிறது. தன் பெயரில் டாக்டர் சீட்டு வைத்திருப்பவர் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்க விதியில் இடமுண்டு. விடுமுறைக்கு ஊர் வரும் வெளிநாட்டுவாசிகள் சீட்டையும் அசல் புட்டியையும் சேர்த்தே எடுத்து வர வேண்டும், வேறு டப்பாவில் கொட்டி எடுத்து வரக்கூடாது. இணையத்தில் ஆர்டர் போட்டுப் பார்சலில் வரவழைப்பது இந்த வகையில் சேராது. மனமயக்கப் பொருளை இறக்குமதி செய்ய நார்கோட்டிக்ஸ் கமிஷனரின் சான்று வேண்டும். சீட்டு இல்லாத அக்காவுக்கோ மைத்துனிக்கோ பத்து மாத்திரை எண்ணிக் கொடுப்பது அன்புதான், சட்டத்தின் கண்ணில் அதற்கு வேறு பெயர். விளையாட்டு வீரர்களுக்கு ஒரு வார்த்தை: போட்டிக் காலத்தில் இது தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து.

1990-களில் அமெரிக்காவில் இதையே ஃபென்ஃபுளூரமினோடு சேர்த்துக் கொடுக்கும் மோகம் ஓடியது. இதய வால்வுகள் பழுதாவது தெரிந்து 1997-இல் ஃபென்ஃபுளூரமினைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள், ஃபென்டர்மின் தப்பியது. சிபுட்ராமின் என்ற இன்னொரு பசி அடக்கியை மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து இந்தியா 2011-இல் தடை செய்தது. அந்தச் சிபுட்ராமின்தான் இன்றும் 'மூலிகை' என்றும் 'ஸ்லிம்மிங் காபி' என்றும் பெயர் மாற்றி விற்கும் பொடிகளில் ஒளித்துக் கலக்கப்படுவதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. ஒரு மூலிகைப் பொடி சாப்பிட்ட இரண்டாம் நாளே பசி அடியோடு போய், வாய் உலர்ந்து, தூக்கமும் போனால் அதில் மூலிகை மட்டும் இல்லை. பொடியைத் தூக்கி எறியாமல், டப்பாவோடும் பில்லோடும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்ப முடியும்.

இங்கே தங்களிடமும் ஒரு முறையீடு. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணங்கள் சட்டத்தில் உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பருமன் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. ஆனாலும் 'ஒரே மாதத்தில் பத்து கிலோ, பத்தியம் இல்லை' என்ற துண்டுப் பிரசுரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையின் மடிப்புக்குள்ளிருந்துதான் விழுகிறது. அதை உள்ளே வைப்பது தாங்கள் அல்ல, விநியோகம் செய்யும் இடத்தில் நடப்பது என்று தெரியும். ஏஜென்டுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புவது தங்களால் முடியும்.

டாக்டர்களுக்கு: படபடப்பு, தூக்கமின்மை, புதிதாக வந்த பிரஷர் என்று வருகிறவரிடம் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் வெளிநாட்டு மாத்திரையைச் சொல்லமாட்டார்கள், அதை அவர்கள் மருந்தாகவே நினைப்பதில்லை. "எடை குறைய ஏதாவது?" என்று தனியாகக் கேட்க வேண்டும். எடை குறைக்கும் மருந்து எதை எழுதினாலும் தொடங்கும் தேதியோடு நிறுத்தவோ மறுபரிசீலனை செய்யவோ வேண்டிய தேதியையும் அன்றைய எடை, பிரஷர், பல்ஸையும் சீட்டிலேயே எழுதிவிட்டால், அந்தத் தேதி தாண்டி வரும் சீட்டுக்கு மருந்து தராமல் திருப்பி அனுப்ப எங்களுக்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கும். இப்போது வாய்ப்பேச்சில்தான் மறுக்கிறோம், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்.

ஏற்கெனவே அந்தப் புட்டியைத் தொடங்கிவிட்டவர்கள் பயந்து ஒளிக்க வேண்டாம். புட்டியோடு டாக்டரிடம் போங்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, வேறு என்ன மாத்திரைகள், இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் ஐந்து நிமிடத்தில் அவரால் முடிவு சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.